வராதவனைத் தேடிப் போகும் பள்ளி

எங்கள் விடுதியின் படிப்பறைக் கதவுக்குப் பின்னால், ஓர் ஆணியில், நூல் கட்டிய நோட்டு ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். அதற்கு முறையான பெயர் எதுவும் கிடையாது. ‘வராதவர் நோட்டு’ என்றுதான் எல்லோரும் சொல்வோம். மாலையில் படிப்பு மணி அடித்ததும் ஒரு மாணவன் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து, காலியாக இருக்கும் இருக்கைக்கு உரியவனின் பெயரை அதில் எழுதுவான். பெயருக்கு எதிரே இரண்டு கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் வராததற்கான காரணத்தை எழுத வேண்டும். இரண்டாவது கட்டத்தில், அவனைப் போய்ப் பார்த்தவன் யார் என்று எழுத வேண்டும். முதல் கட்டம் எல்லாப் பள்ளிகளிலும் ஏதோ ஒரு வடிவில் உண்டு. இரண்டாவது கட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு கத்தோலிக்க ஆண்கள் பள்ளியில் ஏழு ஆண்டுகள் மாணவனாகவும், பின்னர் அதைப் போன்ற இன்னொரு பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராகவும் இருந்துவிட்டேன். ஒரு பள்ளியில் கூட்டு வாழ்வு என்ற ஒன்று உண்மையிலேயே நடக்கிறதா என்பதை அறிய இன்றும் நான் தேடுவது அந்த இரண்டாவது கட்டத்தைத்தான்.

என் பெயர் அதில் முதன்முதலாக ஏறியது நான் சேர்ந்த நான்காம் நாள். எனக்குப் பதினொரு வயது. எங்கள் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம் அன்று; நல்ல பள்ளி, கண்டிப்பான பள்ளி என்று யாரோ சொன்னதைக் கேட்டு என்னைச் சேர்த்திருந்தார்கள். எப்போது எழுந்து நிற்க வேண்டும், எப்போது முழந்தாளிட வேண்டும் என்பதெல்லாம் மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் எல்லாம் ஒரு நொடி தாமதமாகவே தெரிந்தது. அந்த ஒரு நொடிக்குள் எத்தனை வெட்கம் அடங்கும் என்பதை, அந்நிய வழிபாட்டிடத்தில் தனியாக நின்ற சிறுவர்கள் அறிவார்கள். அன்று மாலை மணி அடித்தபோது நான் படிப்பறைக்குப் போகாமல் தச்சுப் பட்டறைக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த பலகைகளின் மறைவில் போய் உட்கார்ந்துகொண்டேன். சிறிது நேரத்தில் என்னைவிட மூன்று வயது மூத்த ஓர் அண்ணன் வந்தான். அழுகிறாயா என்று அவன் கேட்கவில்லை. வீட்டு நினைவா என்றும் கேட்கவில்லை. “தம்பி, உன் பேரை நோட்டுல எழுதியாச்சு. எதிர்க் கட்டத்துல என் பேரைப் போடணும். அவசரமில்ல, கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டே போகலாம்” என்று சொல்லிவிட்டுப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து, தன் செருப்பின் வாரைச் சரிசெய்யத் தொடங்கினான். நாங்கள் உள்ளே போனபோது படிப்பைக் கவனித்துக்கொண்டிருந்த அருட்சகோதரர், தலையை மட்டும் அசைத்து என் இருக்கையைக் காட்டினார். ஏன் தாமதம் என்ற விசாரணை அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை.

அந்த நோட்டு எங்கள் பிரதரின் சொந்தக் கண்டுபிடிப்பு என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். ஆசிரியரான பிறகுதான் அதன் வேர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது தெரிந்தது. ஏழைச் சிறுவர்களுக்கான பள்ளிகளை நடத்துவதற்கென்றே 1680ஆம் ஆண்டில் பிரான்சில் ஒரு சகோதரர் குழு உருவாகக் காரணமாக இருந்தவர் புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால். அவரும் அவருடைய தோழர்களும் அனுபவத்தில் கண்டவற்றையெல்லாம் எழுதித் தொகுத்த பள்ளி நடைமுறை நூல், அவர் இறந்த மறு ஆண்டு, 1720இல் அச்சானது. வகுப்பறையின் வேலைகள் எப்படி மாணவர்களிடமே ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதை அது விரிவாகச் சொல்கிறது: செபத்தைத் தொடங்கிவைப்பவன், மணி அடிப்பவன், தாள்களைக் கொடுத்து வாங்குபவன், அறையைப் பெருக்குபவன், சாவியை வைத்திருப்பவன். அந்தப் பட்டியலில் வராத மாணவர்களைப் போய்ப் பார்ப்பவன் என்று ஒரு பொறுப்பும் இருக்கிறது. குறிப்பிட்ட தெருக்கள் அவனுக்கு ஒதுக்கப்படும். வராதவனின் வீட்டுக்குப் போய்க் காரணம் அறிந்து வந்து சொல்ல வேண்டும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன், எல்லோரையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்துத் தாய்மொழியில் கற்பிக்க முனைந்த ஒரு மனிதருக்கு, காலி இருக்கை என்பது வருகைப் பதிவேட்டோடு முடிந்துவிடும் விஷயமாகப் படவில்லை.

பொறுப்புகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல பள்ளிகள் தவறு செய்யும் இடம் இதுதான். மாணவர் தலைவன், துணைத் தலைவன், அணித் தலைவன் என்று சட்டையில் குத்திக்கொள்ளும் பட்டைகள் எங்கள் பள்ளியிலும் இருந்தன. அவற்றால் நான் எதையும் கற்றதாக நினைவில்லை. எனக்கு முதலில் கிடைத்த வேலை படிப்பறையின் பதினான்கு சன்னல்களையும் இரவில் சாத்துவது. மழை பெய்த ஓர் இரவில் நான் அதை மறந்துவிட, கடைசி வரிசையில் இருந்தவர்களின் புத்தகங்கள் நனைந்தன. யாரும் என்னை அடிக்கவில்லை. மறுநாள் மாலை முழுவதும் அந்த ஆறு பேரோடு உட்கார்ந்து நனைந்த பக்கங்களுக்கு இடையே தாள் வைத்து உலர்த்தினேன், அவ்வளவுதான். செய்யாமல் விட்டால் யாருக்காவது உண்மையிலேயே பாதிப்பு ஏற்படும் வேலைதான் ஒரு சிறுவனைப் பொறுப்புள்ளவனாக்கும் என்பதை அன்றிரவு கற்றேன். ஆசிரியராக நான் வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும்போது அதை அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்: இந்த வேலை நின்றுபோனால் நாளை மதியத்துக்குள் யாராவது அதை உணர்வார்களா? உணர மாட்டார்கள் என்றால் அது வேலை அன்று, அலங்காரம். இன்னொன்றும் உண்டு. நன்றாகப் படிப்பவனுக்கே எல்லாப் பொறுப்பையும் கொடுக்கும் பழக்கம் ஆசிரியர்களுக்கு எளிதாக வந்துவிடுகிறது. அவன் சரியாகச் செய்துவிடுவான் என்பதால் நமக்கு நிம்மதி. ஆனால் சரியாகச் செய்யத் தெரியாதவனுக்கே அது தேவை. பருவத்துக்கு ஒருமுறை பொறுப்புகளை மாற்றுவதும், பழையவன் புதியவனுக்கு ஒரு வாரம் கூடவே இருந்து கற்றுக்கொடுத்துவிட்டு விலகுவதும் எங்கள் பள்ளியில் இருந்த வழக்கங்கள். அந்த ஒரு வாரத்தை நான் இன்றும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் அந்த நோட்டு என் கைக்கு வந்தது. அதனோடு சொல்லப்படாத இன்னொரு வேலையும் வந்தது: நோயாளி அறையில் படுத்திருப்பவனுக்கு அன்றைய பாடக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு போவது. ஒரு மாணவன் மஞ்சள் காமாலையால் பல வாரங்கள் வகுப்புக்கு வர முடியாமல் போனபோது, நான் நாள்தோறும் அவன் கட்டிலருகே உட்கார்ந்து அன்றைய பாடத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. சமன்பாடுகளில் ஓர் எண்ணை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொண்டுபோனால் அதன் குறி மாறும் என்று சொன்னேன். “ஏன் மாறுது?” என்று கேட்டான். அது விதி என்றேன். “யார் போட்ட விதி?” என்றான். வகுப்பில் யாரும் கேட்டிராத கேள்வி அது. எல்லோரும் மாற்றி எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தோம். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் கணக்காசிரியரிடம் போய்க் கேட்டேன். எண் எங்கும் போவதில்லை, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே அளவைக் கழிக்கிறோம், ஒரு பக்கத்தில் அது மறைகிறது, மறுபக்கத்தில் கழித்தல் குறியோடு தெரிகிறது என்று அவர் தராசை வரைந்து காட்டினார். அன்று மாலை அதே தராசை நோயாளி அறையில் நான் வரைந்தேன். இயற்கணிதம் எனக்குப் புரியத் தொடங்கியது அந்தக் கட்டிலின் அருகில்தான். தேர்வில் என்னைவிட அவன் அதிக மதிப்பெண் பெற்றான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்கும் நீண்ட மரபு உண்டு. இயேசு சபையினர் என்ற கத்தோலிக்கத் துறவியர் 1548இல் சிசிலியின் மெசினா நகரில், தங்கள் சபையில் சேராத வெளி மாணவர்களுக்கென்று முதல் கல்லூரியைத் தொடங்கினார்கள். அரை நூற்றாண்டு காலம் பல நாடுகளில் நடத்திப் பார்த்து, திருத்தி, மறுபடியும் திருத்தி, 1599இல்தான் தங்கள் பள்ளிகள் அனைத்துக்குமான கல்வித் திட்டத்தை இறுதியாக வெளியிட்டார்கள். அதன்படி வகுப்பு சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மாணவன் பொறுப்பாக இருந்து, மற்றவர்கள் மனப்பாடம் சொல்வதைக் கேட்டு, எழுத்து வேலைகளை வாங்கி ஆசிரியரிடம் சேர்ப்பான். சனிக்கிழமைகளில் அந்த வாரத்துப் பாடங்கள் திரும்பச் சொல்லப்படும். ஒவ்வொரு மாணவனுக்கும் அவனுடைய பிழைகளைக் கண்டு சொல்ல ஒரு போட்டியாளனும் உண்டு. அந்தப் போட்டி எனக்கு உவப்பானதாக இல்லை. பிழையைக் கண்டுபிடிப்பவனுக்கு அதில் கிடைக்கும் மகிழ்ச்சி, ஆண்கள் மட்டுமே இருக்கும் வகுப்பில், மிக விரைவில் கேலியாக மாறிவிடுகிறது. ஆகவே என் வகுப்பில் இருவர் இருவராக அமர்த்துகிறேன். ஆனால் ஒருவன் வராத நாளின் குறிப்புக்கு மற்றவன் பொறுப்பு என்பதே அந்த இணைப்பின் ஒரே நிபந்தனை. குறிப்பைப் படம் எடுத்து அனுப்பிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று இப்போதைய மாணவர்கள் நினைக்கிறார்கள். படம் போதாது, ஐந்து நிமிடமாவது வாயால் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன். சொல்லும்போதுதான் சொல்பவனுக்கே எங்கே இடறுகிறது என்று தெரியும்.

படிப்பு நேரம் முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்பு எங்கள் பள்ளியில் புத்தகங்களை மூடச் சொல்வார்கள். கத்தோலிக்க மாணவர்களுக்கு அது ஆன்ம சோதனை. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த முறையில் அதற்கு ஐந்து படிகள்: நன்றி கூறுதல், தெளிவு வேண்டுதல், நாளைத் திரும்பிப் பார்த்தல், தவறியதற்கு வருந்துதல், அடுத்ததற்கு உறுதி எடுத்தல். மற்றவர்கள் அமைதியாக இருந்தால் போதும். முதலாண்டில் நான் அந்த ஐந்து நிமிடத்தில் தூங்கினேன். இரண்டாமாண்டில் பக்கத்திலிருப்பவனின் மூச்சை எண்ணினேன். எப்போது அது எனக்கும் பயன்படத் தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. இன்று என்ன கற்றேன், எங்கே புரியாமல் புரிந்ததுபோல் நடித்தேன், யாரிடம் தவறாகப் பேசினேன் என்ற மூன்று கேள்விகளாக அதை நான் சுருக்கிக்கொண்டேன். இரண்டாவது கேள்வி ஒன்றே பள்ளிக் காலம் முழுவதற்கும் போதுமானது.

சமயம் பற்றி மற்ற மதத்துப் பெற்றோர்கள் என்னிடம் இன்றும் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான். நான் படித்த காலத்தில் திருப்பலி நேரத்தில் நூலகத்தில் இருக்க எங்களுக்கு அனுமதி இருந்தது. கத்தோலிக்க சமயப் பாடமான மறைக்கல்விக்குப் பதிலாக நன்னெறி வகுப்பு இருந்தது. காலையிலும் இரவிலும் பொதுச் செபத்தின்போது எழுந்து நிற்க வேண்டும். சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. எங்களை ஏன் வற்புறுத்தவில்லை என்று பல ஆண்டுகள் கழித்து எங்கள் பழைய ரெக்டர் ஃபாதரிடம் கேட்டேன். உலகெங்கிலுமிருந்து கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கல்வி பற்றிய அறிக்கை, கத்தோலிக்கர் அல்லாத மாணவர்களும் பயிலும் பள்ளிகளைத் திருச்சபை தனி அன்போடு கருதுவதாகச் சொல்கிறது என்றும், அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று வெளியான மற்றோர் அறிக்கை சமய விஷயத்தில் யாரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது என்றும் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே, “அதையெல்லாம் விடுப்பா, நூலகத்துல உட்கார்ந்து நீ படிச்ச புத்தகங்களைப் பார்த்துட்டு, உன்னை அப்படியே விட்டுடலாம்னுதான் தோணுச்சு” என்றார். எல்லாப் பள்ளிகளும் ஒரே மாதிரி நடப்பதில்லை. எது கட்டாயம், எது விருப்பம், தியான நாட்களில் மற்ற மாணவர்கள் என்ன செய்வார்கள் என்பதைச் சேர்க்கும் முன்பே நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது இரு தரப்புக்கும் நல்லது. கேட்பதால் யாரும் மனம் வருந்துவதில்லை. வருந்தினால் அதுவும் ஒரு தகவல்தான்.

இனி விளையாட்டுத் திடல். நல்ல நாட்களை நினைக்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு பந்தை உதைக்கும் பிரதர்களின் உருவம். திடலில் பெரியவர்கள் இருப்பது கண்காணிப்புக்காக மட்டுமன்று என்பதைப் புரியவைத்தது, புனித தொன் போஸ்கோ 1884 மே 10 அன்று ரோமிலிருந்து டூரினில் இருந்த தம் இல்லத்துக்கு எழுதிய ஒரு கடிதம். ஒரு கனவைச் சொல்வதுபோல் அது அமைந்திருக்கிறது. பழைய நாட்களின் திடலில் ஓட்டமும் பாட்டும் கதை சொல்வதும், பெரியவர்களும் சிறுவர்களும் கலந்து நிற்பதும் தெரிகின்றன. பிறகு அன்றைய திடல் தெரிகிறது, அதில் சிறுவர்கள் தூணில் சாய்ந்து சோர்ந்து நிற்கிறார்கள், பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு நடக்கிறார்கள். சிறுவர்களிடம் அன்பு இருந்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியவும் வேண்டும் என்பது அக்கடிதத்தின் மையக் கருத்து. வகுப்பறையில் மட்டும் காணப்படுகிறவர் ஆசிரியர்தான், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்றும் அது சொல்கிறது. ஆசிரியர் ஓய்வறையில் இடைவேளையைக் கழிக்கும் சுகம் எனக்கும் தெரியும். கடிதத்தைப் படித்த நாளிலிருந்து அந்தச் சுகம் சற்றுக் கசக்கிறது.

ஆனால் நான் சொல்லவந்ததில் கடினமான பகுதி இனிமேல்தான் இருக்கிறது. நாங்கள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஒருவன் பள்ளியை விட்டுப் போனான். பருவ இடையில் ஒருநாள் அவன் தந்தை வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அவனுடைய நடையைப் பற்றியும் குரலைப் பற்றியும் ஒரு பட்டப்பெயர் ஆண்டு முழுவதும் வழங்கிவந்தது. கழிப்பறைச் சுவரில் அது எழுதப்பட்டிருந்தது. படுக்கைக்கூடத்தில் விளக்கு அணைந்தபின் யாரோ ஒருவன் அதைச் சொல்வான், மற்றவர்கள் சிரிப்போம், நானும் சிரித்தேன். அந்த ஆண்டு எங்கள் கூடத்துக்குப் பொறுப்பாயிருந்தவர், சத்தம் கேட்டால் யார் என்று பாராமல் கூடம் முழுவதையும் வெளியே நிற்க வைப்பார். அதனால் பழி மறுபடியும் அவன்மேல் வந்து விழுந்தது. அந்த ஆண்டு நோட்டு என்னிடம் இல்லை, இருந்தாலும் பயனிருந்திருக்காது. அவன் ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை. எல்லா மணிக்கும் வந்தான், எல்லா வரிசையிலும் நின்றான். வந்துகொண்டே இருந்ததால் அவனை யாரும் தேடிப் போகவில்லை.

ஆண்கள் மட்டும் சேர்ந்து வாழும் இடத்தில் சில நன்மைகள் உண்டு. பாடுவதற்கும், நாடகத்தில் நடிப்பதற்கும், செடிகளை வளர்ப்பதற்கும், அவை யாருக்குரிய வேலை என்ற கேள்வியே எழாமல் கையில் எடுத்துக்கொள்ள முடிகிறது. அதே இடத்தில், அழக்கூடாது, காட்டிக்கொடுக்கக்கூடாது, பயந்தவனாகத் தெரியக்கூடாது என்ற எழுதாத சட்டமும் மிக வேகமாக வளர்கிறது. பிரதர்கள் அதை வளர்த்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அது வளர்வதைப் பார்க்கும் கண் அந்த ஆண்டு அங்கே இல்லை. பல ஆண்டுகள் கழித்து அவனைச் சந்தித்தபோது மன்னிப்புக் கேட்டேன். “நீ சிரிச்சது எனக்கு ஞாபகமில்ல. நீ கட்டில்ல அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டதுதான் ஞாபகம் இருக்கு” என்றான்.

இயேசு சபையின் தலைவராக இருந்த பெத்ரோ அருப்பே 1973 ஜூலை 31 அன்று வலென்சியாவில் தம் பள்ளிகளின் பழைய மாணவர்கள் நடுவே நின்று, நாங்கள் உங்களை நீதிக்காகக் கல்வி பெறச் செய்தோமா என்று கேட்டு, இல்லை என்று தாமே பதில் சொன்னார். பிறருக்காக வாழும் மனிதர்கள் என்ற தொடரை அந்த உரையிலிருந்து எடுத்துப் பள்ளிச் சுவர்களில் எழுதுகிறார்கள். அந்த ‘இல்லை’யை யாரும் எழுதுவதில்லை. என் வகுப்பில் நான் தவறு செய்தால், தவறு செய்தேன் என்று அதே வகுப்பின் முன்னால் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டது அந்த உரையைப் படித்த பிறகுதான். முதல் தடவை மிகவும் கடினம். அடுத்த தடவைகளும் அவ்வளவு எளிதில்லை.

வந்திருந்தும் இல்லாமல் இருப்பவனைக் கண்டுபிடிக்க நோட்டு போதாது என்பதால், நான் சில அடையாளங்களைக் கவனித்து வருகிறேன். இடைவேளை தொடங்கியதும் நேராக நூலகத்துக்குப் போகும் மாணவன் புத்தகத்துக்காகப் போகிறானா, கதவுக்காகப் போகிறானா என்பது அவன் கையில் இருக்கும் பக்கம் நகர்கிறதா என்பதில் தெரியும். வகுப்பு நேரத்தில் மட்டும் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பவன், இடைவேளையில் அங்கே போகப் பயப்படுகிறானோ என்று பார்க்க வேண்டும். தாங்களாகவே குழு அமைத்துக்கொள்ளும்படி மாணவர்களிடம் சொன்னதும் காலணியைக் குனிந்து பார்ப்பவன், கையெழுத்து திடீரென்று சிறுத்துப்போனவன், எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டு முதல் ஆளாக வெளியேறுபவன் என்று பலர் இருப்பார்கள். பெரும்பாலான நேரங்களில் இவற்றுக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்ள ஆகும் நேரம் வீண் அன்று. கேட்கும்போது ‘என்ன பிரச்சினை’ என்று கேட்பதில்லை. எங்கள் அண்ணன் செருப்பு வாரைச் சரிசெய்ததுபோல், கையில் ஏதாவது ஒரு வேலையோடு பக்கத்தில் போய் நிற்கிறேன். நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்டால் சிறுவர்கள் பேசுவதில்லை. தோளோடு தோள் நின்று நாற்காலிகளை அடுக்கும்போது பேசிவிடுகிறார்கள்.

தேடிப் போவது என்று இவ்வளவு சொன்னபின் அதன் ஆபத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தனித்து நிற்கும் சிறுவனைத் தேடிச் செல்பவர்கள் எல்லோரும் நல்ல நோக்கத்தோடு செல்வதில்லை. பல நாடுகளில் திருச்சபையின் பள்ளிகளிலும் விடுதிகளிலும் சிறுவர்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானதும், புகார்கள் மூடி மறைக்கப்பட்டதும் இன்று விசாரணை அறிக்கைகளில் பதிவாகியிருக்கும் உண்மை. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் பிறப்பித்த சட்டம், இத்தகைய குற்றங்களை அறிய வந்த குருக்களும் துறவியரும் அவற்றைத் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று விதித்தது. 2023இல் அது நிலையான சட்டமானது. அது திருச்சபைக்குள் உள்ள கடமை. நாட்டின் சட்டப்படி காவல் துறையிடம் போகும் வழி அதற்கும் அப்பால் எப்போதும் இருக்க வேண்டும். பள்ளி அளவில் நாங்கள் கடைப்பிடிப்பது எளியது: மாணவனோடு தனியாகப் பேசும் இடம் பிறர் கண்ணுக்குத் தெரியும் இடமாக இருக்க வேண்டும், அறைக் கதவில் கண்ணாடி இருக்க வேண்டும், தனிப்பட்ட கைப்பேசிச் செய்தி கூடாது, சந்திப்பு இன்னொரு பெரியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நோட்டின் இரண்டாவது கட்டம் இங்கேயும் எனக்கு உதவுகிறது. யார் தேடிப் போனார் என்பது எழுதப்பட்டு, எல்லோரும் பார்க்கும் இடத்தில் தொங்குகிறது. சேர்க்கைக்கு வரும் பெற்றோர் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதற்கு முன், என் மகன் ஒரு புகாரை யாரிடம் சொல்லலாம், அந்த நபர்மீதே புகார் என்றால் பள்ளிக்கு வெளியே யாரிடம் போகலாம் என்று கேட்க வேண்டும். தயங்காமல் பெயரும் எண்ணும் சொல்லத் தெரிந்த பள்ளி, அதைப் பற்றி ஏற்கெனவே யோசித்திருக்கிறது.

சனிக்கிழமைப் பணி பற்றி ஒரு வார்த்தை. பாரிஸ் பல்கலைக்கழக மாணவனான பிரெடரிக் ஓசானாம் தன் இருபதாம் வயதில், 1833இல், சில நண்பர்களோடு சேர்ந்து ஏழைகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கத் தொடங்கியதே பின்னர் புனித வின்சென்ட் தே பவுல் சபையாக வளர்ந்தது. அதன் வழியில் நாங்களும் இருவர் இருவராக, தனித்து வாழும் முதியவர்களைப் பார்க்கப் போவோம். நான் போன வீட்டுப் பாட்டிக்குக் கண் பார்வை மங்கலாகியிருந்தது. தேர்வுக் காலத்தில் ஒரு வாரம் நான் போகவில்லை. அடுத்த வாரம் போனபோது அவர் முதலில் சொன்னது, “போன வாரம் ஒரு காலடிச் சத்தம்தான் கேட்டுச்சு” என்பது. சேவை செய்யப் போகிறோம் என்ற என் எண்ணத்தில் அன்று ஏதோ இடம் மாறியது. அவர் வீட்டிலும் ஒரு வராதவர் நோட்டு இருந்திருக்கிறது. அதில் என் பெயர் ஏறியிருந்தது.

இப்போது நான் பொறுப்பாக இருக்கும் விடுதியிலும் அத்தகைய நோட்டு ஒன்று ஆணியில் தொங்குகிறது. கணினியில் பதியலாமே என்று இளைய ஆசிரியர்கள் சொன்னார்கள். வருகைப் பதிவு கணினியில்தான் இருக்கிறது, இதை மட்டும் தாளில் வைத்திருக்கிறோம். சென்ற பருவத்தில் அதற்குப் பொறுப்பாக இருந்தவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். எழுத்துப் பிழைகள் அதிகம், கண் கூர்மை. ஓர் இரவு நான் நோட்டைப் புரட்டியபோது, அன்று படிப்பறையில் எல்லோரும் இருந்தும், ஒரு பெயர் எழுதப்பட்டிருந்ததைக் கண்டேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில் ‘வந்திருக்கான், ஆனா இல்ல’ என்று இருந்தது. எதிர்க் கட்டத்தில் அந்தச் சிறுவன் தன் பெயரை எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, அதற்குக் கீழே சிறிய எழுத்தில், ‘சார், நீங்களும் வரணும்’ என்று சேர்த்திருந்தான்.